ஒரு தலைவரின் வீட்டுக்குள் போவதற்கு முன்: முதல் வரலாற்று நாவல் எழுதுபவர்களுக்கு

நான் எழுத உட்கார்ந்தது ராஜாஜியைப் பற்றி. கவர்னர் ஜெனரல் ராஜாஜியை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது, நாற்பது வயது ஆவதற்குள் மனைவியை இழந்து, ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்த சேலத்து வக்கீல். 410 பக்கம் எழுதி முடித்தபிறகுதான் தெரிந்தது, எழுதியதில் பாதிக்கு ஆதாரம் இல்லை, மீதிப் பாதியில் தேதியும் இடமும் தப்பு. அந்தக் கைப்பிரதியைக் கட்டி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மொத்தம் 4 வருடம் ஆயிற்று. சரியான வரிசையில் வேலை செய்திருந்தால் இரண்டே வருடத்தில் முடிந்திருக்கும்.

அந்த வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன். நீங்கள் காமராஜரை எடுத்தாலும் சரி, வேறு நாட்டுத் தலைவர் ஒருவரை எடுத்தாலும் சரி, வேலை ஏறக்குறைய இதேதான். உதாரணங்கள் மட்டும் எனக்குத் தெரிந்த ராஜாஜியிடமிருந்தே வரும்.

1. முழு வாழ்க்கையைத் தொடாதீர்கள்

என் முதல் தவறு இதுதான். 1878-இல் தொரப்பள்ளியில் பிறந்ததிலிருந்து 1972 டிசம்பர் 25 வரை எல்லாவற்றையும் எழுதப் பார்த்தேன். 94 வருடத்தை ஒரு நாவலில் அடைத்தால் அது பதவிகளின் பட்டியலாகத்தான் வரும். முதலமைச்சர் ஆனார், கவர்னர் ஆனார், மறுபடி முதலமைச்சர் ஆனார் என்று எழுதிக்கொண்டு போவோம். வீடு காணாமல் போய்விடும்.

ஒரு வீட்டுப் பிரச்சினையை எடுங்கள். அது எந்த வருடம் தொடங்கி எந்த வருடம் முடிகிறதோ, அதுதான் உங்கள் நாவலின் காலம். ராஜாஜியின் வாழ்க்கையில் அப்படிப்பட்ட இடங்கள் எனக்கு நான்கு கிடைத்தன.

மனைவி மங்கம்மாள் இறந்தபின் வந்த சேலத்து வருடங்கள். 1917-இல் நகராட்சித் தலைவராகவும் ஆகிறார். வீட்டில் தாயில்லாப் பிள்ளைகள். இரண்டாவது, 1921 டிசம்பர் 21 முதல் மூன்று மாதம் வேலூர் சிறை. நாட்குறிப்பு எழுதியிருக்கிறார், ஆகவே அந்த மூன்று மாதத்துக்கு ஆதாரத் தட்டுப்பாடே கிடையாது. மூன்றாவது, 1949 மே மாதம் திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் கவர்னர் ஜெனரலும் பெரியாரும் தனியாகப் பேசிய பேச்சு. அரசியலில் எதிரெதிர்த் துருவமாக நின்ற இரண்டு பழைய சிநேகிதர்கள்.

நான்காவதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். மகள் லட்சுமியும் காந்தியின் கடைசி மகன் தேவதாஸும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். அவளுக்கு வயது பதினைந்து, அவருக்கு இருபத்தெட்டு. ஐந்து வருடம் பார்க்காமல் இருங்கள், அப்புறமும் மனசு மாறவில்லை என்றால் கல்யாணம் என்று இரண்டு தகப்பன்மாரும் சொன்னார்கள். பிள்ளைகள் காத்திருந்தார்கள். 1933 ஜூன் 16 அன்று புனேயில் கல்யாணம் நடந்தது. இந்த ஐந்து வருடத்துக்குள்ளேதான் உப்புச் சட்டத்தை மீறப் போன வேதாரண்ய யாத்திரையும் சிறைவாசமும், தாழ்த்தப்பட்டோர் தொகுதிகள் பற்றிய புனே ஒப்பந்தமும் வருகின்றன. ஊருக்குத் தெரிந்த ராஜாஜி வெளியே ஓடிக்கொண்டிருக்கிறார். மகளுக்கு நாள் எண்ணும் அப்பா உள்ளே இருக்கிறார். இதைவிட நல்ல கதைக்களம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தேர்வுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் பின்னால் வருடக்கணக்கில் வட்டி கட்ட வேண்டும்.

2. நாள் பேரேடு போடுங்கள்

ஒரு வரி கதை எழுதுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். எக்செல் போதும், நீளமான கணக்கு நோட்டும் போதும். நான் நோட்டில்தான் போட்டேன். கட்டங்கள் இவை: தேதி, கிழமை, எந்த ஊர், அன்று ராத்திரி எங்கே படுத்தார், கூட யார் இருந்தார்கள், உடம்பு எப்படி இருந்தது, திதி, இது எந்தக் காகிதத்திலிருந்து தெரிந்தது.

"ராத்திரி எங்கே படுத்தார்" என்ற கட்டம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். பகலில் ஒரு தலைவர் எங்கே இருந்தார் என்று செய்தித்தாள் சொல்லிவிடும். வீட்டு வாழ்க்கை ராத்திரியில் நடக்கிறது. அந்தக் கட்டம் காலியாக இருக்கும் நாளில் அவரை மகளோடு திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, அன்று அவர் வேறு ஊரில் இருந்தார் என்று பிற்பாடு ஒரு கடிதத்திலிருந்து தெரிந்தால், அத்தியாயமே போயிற்று. எனக்கு மூன்று அத்தியாயம் அப்படிப் போயிற்று.

தொடங்குவதற்குக் காசு தேவையில்லை. காந்தியின் எழுத்துகளின் முழுத் தொகுப்பு, 100 தொகுதிகள், இணையத்தில் இலவசமாக இருக்கிறது. ராஜாஜிக்கும் தேவதாஸுக்கும் காந்தி எழுதிய கடிதங்கள் தேதியோடு அதில் கிடைக்கின்றன. ஒரு கடிதத்தில் "உங்கள் உடம்பு தேறிவிட்டதா" என்று ஒரு வரி இருந்தால், முந்தின வாரம் ஆஸ்துமா படுத்தியிருக்கிறது என்று பேரேட்டில் ஒரு குறிப்பு ஏறலாம். இப்படிச் சின்னச் சின்னதாகச் சேரும். என் ஐந்து வருடத்துக்கு, அதாவது ஏறத்தாழ 1,800 நாளுக்கு, பேரேடு போட 5 மாதம் ஆயிற்று. 700 நாளைத்தான் நிரப்ப முடிந்தது. பதற வேண்டாம், அது நல்ல கணக்கு.

திதிக் கட்டத்தைச் சும்மா போடச் சொல்லவில்லை. என் முதல் கைப்பிரதியில் வேதாரண்யக் கடற்கரையில் ஒரு நிலாக் காட்சி இருந்தது. யாத்திரை வந்து சேர்ந்த ராத்திரி, உப்பளம் முழுக்கப் பால் மாதிரி நிலா, ராஜாஜி தூக்கம் வராமல் மகளை நினைத்துக்கொள்கிறார். எழுதியதில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அது. யாத்திரை வேதாரண்யம் சேர்ந்தது 1930 ஏப்ரல் 28. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அன்று அமாவாசை. அமெரிக்காவில் அந்த அமாவாசையில் சூரிய கிரகணமே தெரிந்திருக்கிறது. கண்ணைக் கட்டிய இருட்டில் என் கதாநாயகர் நிலாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். 30-ஆம் தேதி கைது ஆகிறவரை பார்த்தாலும் கீற்றுப் பிறைக்கு மேல் கிடையாது. பக்கத்தைக் கிழித்துவிட்டு இருட்டிலேயே மறுபடி எழுதினேன்.

புதியவர்கள் விழும் வேறு சில பள்ளங்களும் உண்டு. இன்றைய மாவட்டப் பெயரைப் போடாதீர்கள். ஓசூரும் திருச்செங்கோடும் அன்று சேலம் ஜில்லா. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா. நயா பைசா 1957-இல்தான் வருகிறது. தூரம் மைலில்தான். ஊருக்கு எப்படிப் போனார்கள் என்று பாருங்கள். நான் ராஜாஜியைத் திருச்செங்கோடு ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டேன். திருச்செங்கோட்டில் இன்றைக்கும் ரயில் நிலையம் இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் ராஜாஜி நடத்திய புதுப்பாளையம் ஆசிரமத்துக்குச் சங்ககிரியில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாகத்தான் போக வேண்டும். அந்த வண்டிப் பயணத்தை எழுதியபோது எனக்கு ஒரு நல்ல அத்தியாயமே கிடைத்தது என்பது வேறு விஷயம்.

3. காகிதம் எங்கே இருக்கிறது, உள்ளே எப்படிப் போவது

பேரேட்டில் எந்த நாட்கள் காலி என்று தெரிந்தபிறகுதான் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். வெறும் ஆர்வத்தோடு போனால் மலை மாதிரிக் காகிதம் வரும், ஒன்றும் கிடைக்காது. "1930 மே முதல் டிசம்பர் வரை, சிறையில் யார் பார்க்க வந்தார்கள்" என்ற அளவுக்குக் கேள்வியைச் சுருக்கிக்கொண்டு போங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு மூன்று இடம். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அரசாணைகள், சிறை, போலீஸ் தொடர்பான பழைய கோப்புகள் அங்கே. சென்னை மாகாணத்து ரகசியக் கோப்புகள் தனி வரிசையாகவே இருக்கின்றன. பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு தலைவரின் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று அவருடைய குடும்பத்தைவிட ரகசியப் போலீஸ் ஒழுங்காக எழுதி வைத்திருக்கும். இரண்டாவது, கன்னிமாரா நூலகம். மூன்றாவது, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அந்தக் காலத்துப் பத்திரிகைகளுக்கு இதுதான் இடம். புதுப்பாளையத்திலிருந்து மதுவிலக்குக்காக ராஜாஜி நடத்திய "விமோசனம்" பத்திரிகை, கல்கி அங்கே உதவியாசிரியராக இருந்தது, இதையெல்லாம் தேடும்போது ஆசிரமத்தின் அன்றாடம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். வீட்டிலிருந்தே பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

டெல்லிக்குப் போக வேண்டிவரும். தீன்மூர்த்தி வளாகத்தில் உள்ள நூலகம், பழைய பெயர் நேரு நினைவு அருங்காட்சியகம், இப்போது பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம், தேசத் தலைவர்களின் தனிப்பட்ட காகிதங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகமும் அதே ஊரில். அவர்களுடைய "அபிலேக் படல்" தளத்தில் முன்கூட்டியே தேடிக் கோப்பு எண்களை எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை மிச்சம்.

கையில் இவை இருக்கட்டும்: ஆதார், அதன் இரண்டு நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு, ஆராய்ச்சித் தலைப்பு எழுதிய ஒரு பக்க விண்ணப்பம், கல்லூரிப் பேராசிரியரோ பதிப்பாளரோ அலுவலகத் தாளில் கொடுத்த பரிந்துரைக் கடிதம். கடைசியாகச் சொன்னதுதான் கழுத்தை அறுக்கும். "நாவல் எழுதுகிறேன்" என்று சொன்னால் பல இடங்களில் உங்களை ஆராய்ச்சியாளர் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். வெளியூரில் ஒரு காப்பகத்தில் கடிதம் இல்லாமல் போய் நின்று 3 நாள் வாசலிலேயே கழித்தேன். அறை வாடகை போனதுகூடப் பெரிதில்லை, நான்காம் நாள் சனிக்கிழமை. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே மின்னஞ்சல் போட்டு, என்னென்ன வேண்டும், நகல் கட்டணம் எவ்வளவு, கைப்பேசியில் படம் எடுக்கலாமா, எந்தெந்த நாள் விடுமுறை என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பென்சில் கொண்டுபோங்கள், பேனாவை உள்ளே விடாத இடங்கள் உண்டு.

எதைப் படித்தாலும் கோப்பு எண், பக்க எண், பார்த்த தேதி மூன்றையும் அப்போதே எழுதுங்கள். ராத்திரி அறைக்குப் போய் எழுதலாம் என்றால் எழுதவே மாட்டோம்.

4. வீட்டைக் கட்டுங்கள்

காகிதம் தேதியைத் தரும், சமையலறையைத் தராது. அதற்கு ஆளைத்தான் தேட வேண்டும்.

சேலத்தில் ஒரு பாட்டியைச் சந்தித்தேன். ராஜாஜி குடும்பத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் காலத்து ஐயங்கார் வீட்டில் பிறந்து வளர்ந்தவர், அவ்வளவுதான். தாயில்லாத வீட்டில் பெண் குழந்தைக்கு யார் தலை பின்னிவிடுவார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "யார் வீட்டுக்கு வந்தாலும் பின்னிவிடுவா. அதனால ஒருநாள் பின்னல் இறுக்கமா இருக்கும், ஒருநாள் தளர்வா இருக்கும். குழந்தைக்கு அதுலயே யார் வந்திருக்கான்னு தெரியும்" என்றார். எந்த ஆவணக் காப்பகத்தில் இது கிடைக்கும்?

மடிப்புடவையை உயரத்துக் கொடியில் கோலால் தூக்கிப் போடுவது, குமுட்டி அடுப்பில் கரி பற்றவைக்கும் வாசனை, ராந்தல் சிம்னியைத் துணியில் சாம்பல் தொட்டுத் துடைப்பது, இதெல்லாம் அவர் கையாலேயே செய்து காட்டினார். பேச்சைப் பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். ஒரு தடவை போய் நிறுத்தாதீர்கள். முதல் தடவை, அவர்கள் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைப்பதைச் சொல்வார்கள். மூன்றாம் தடவைதான் நடந்ததைச் சொல்வார்கள்.

இடத்தைப் பற்றிய தகவலுக்கு 1918-இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கெசட்டியர், அதாவது அரசு வெளியிட்ட மாவட்ட விவரத் தொகுப்பு, எனக்குப் பெரிய துணையாக இருந்தது. உங்கள் தலைவரின் மாவட்டத்துக்கும் இப்படி ஒன்று இருக்கும், இணையத்தில் தேடிப் பாருங்கள். அதோடு அந்த ஊருக்கு ஒரு தடவையாவது கதை நடக்கும் மாதத்திலேயே போய் வாருங்கள். மழைக்காலத்தில் வேதாரண்யத்துக்குப் போய் ஏப்ரல் மாத உப்பளத்தை எழுத முடியாது.

5. எங்கே கற்பனை செய்யலாம், எங்கே கூடாது

இந்தப் படியை நான் அவமானப்பட்டுத்தான் கற்றேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் கைப்பிரதியில், சிறையிலிருந்து ராஜாஜி மகளுக்கு எழுதுவதுபோல ஒரு கடிதம் வைத்திருந்தேன். தேதி, ஊர், கையெழுத்து எல்லாம் போட்டு. முழுக்க என் கற்பனை. படித்துப் பார்க்கச் சொல்லி ஒரு சிநேகிதருக்கு அனுப்பினேன். அவருக்கு அந்தப் பக்கம் பிடித்துப்போய் படம் எடுத்து யாருக்கோ அனுப்பியிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து என் சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதே கடிதம் வந்து விழுந்தது. தலைப்பு, "ராஜாஜி தன் மகளுக்குச் சிறையிலிருந்து எழுதிய உருக்கமான கடிதம், அவசியம் படிக்கவும்". கீழே கும்பிடு போட்டு இருபது பேர். அது பொய் என்று அங்கே எழுதினேன். ஆனால் அதற்குள் எத்தனை குழுவுக்குப் போயிருக்குமோ, எனக்குத் தெரியாது. இறந்துபோன ஒரு மனிதர் சொல்லாத வார்த்தையை அவர் வாயில் திணித்து ஊருக்குள் விட்டுவிட்டேன். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட விதிகள் இவை. தேதி போட்ட கடிதம், நாட்குறிப்பு, மேடைப் பேச்சு, சட்டமன்றப் பேச்சு, இந்த நான்கையும் உருவாக்கக் கூடாது. இருப்பதை வைத்து எழுதலாம், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். கடிதம் வந்தது, அவள் படித்தாள், மடித்துப் பெட்டியில் வைத்தாள் என்று எழுதுங்கள். கடிதத்தில் என்ன இருந்தது என்று எழுதாதீர்கள். வாசகருக்கு அதுவே அதிகமாகத் தோன்றும், நான் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அடுத்தது, பேரேட்டில் நிரம்பிய நாளில் நடந்ததை மாற்றக் கூடாது. காலியான நாளில் மட்டும் உங்களுக்கு உரிமை. அதிலும் முன்னும் பின்னும் இருக்கும் நாட்களுக்கு முரணாக எதுவும் வரக் கூடாது. முதல் நாள் திருச்சியில் இருந்தவர் மறுநாள் காலை பம்பாயில் இருக்க முடியாது.

ஊரறிந்த காட்சியை விட்டுவிட்டு அதற்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தை எழுதுங்கள். 1932 செப்டம்பரில் புனே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் ராஜாஜியும் அம்பேத்கரும் தங்கள் பேனாக்களை மாற்றிக்கொண்டார்கள். இது பலருக்குத் தெரிந்த சம்பவம். நான் எழுதியது, அன்று ராத்திரி அந்த வேற்றுப் பேனாவால் ஒரு வரி எழுத அவர் முயல்வதை. நிப்பு இன்னொருவர் கைக்குப் பழகியது, கோடு சரியாக விழவில்லை. மறுபடி எழுதிப் பார்க்கிறார். யார் பெயரையோ எழுதத் தொடங்கி நிறுத்துகிறார். காகிதம் சொல்லாத நேரம் அது. காகிதம் சொன்ன எதற்கும் அது முரண்படவும் இல்லை.

திருவண்ணாமலைச் சந்திப்பை எழுத நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ரயில் பெட்டிக்குள் என்ன பேசினார்கள் என்று தமிழ்நாடு பல வருடம் ஊகித்தது. பெரியாரின் கல்யாணம் இரண்டு மாதத்தில் நடந்ததால், ராஜாஜிதான் யோசனை சொன்னார் என்றுகூடப் பேசினார்கள். நீங்களும் ஒரு ஊகத்தைச் சேர்க்காதீர்கள். வெளியே நடைமேடையில் நின்றவனின் கண்ணிலிருந்து எழுதுங்கள். கதவு மூடியிருக்கிறது, எஞ்சின் தண்ணீர் பிடிக்கிறது. 1972 டிசம்பரில் தள்ளாத வயதில் பெரியார் ராஜாஜியின் தகனத்துக்கு வந்து அழுததை அதற்குப் பக்கத்தில் வைத்தால் போதும். என்ன பேசினார்கள் என்பதைவிட அவர்கள் யார் என்பது தெரிந்துவிடும்.

6. வீட்டுப் பேச்சு

இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் விவரம் தெரிந்தவர் முதல் பக்கத்திலேயே இதில்தான் உங்களைப் பிடிப்பார். வைணவ வீட்டில் சமையலைத் தளிகை என்பார்கள், ரசத்தைச் சாத்தமுது என்பார்கள். அதற்காக வரிக்கு வரி சாத்தமுது ஊற்றாதீர்கள். பக்கத்துக்கு ஒன்று போதும்.

பிள்ளைகள் தகப்பனாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கண்டுபிடியுங்கள். அந்தக் காலத்துப் பல வீடுகளில் அப்பாவை "அண்ணா" என்று கூப்பிடுவது வழக்கம். உறுதியாகத் தெரியாவிட்டால் கூப்பிடாமலே பேசும்படி வசனத்தை அமைத்துவிடுங்கள். யார் யாரோடு எந்த மொழியில் பேசினார்கள் என்றும் ஒரு பட்டியல் போடுங்கள். காந்திக்கும் ராஜாஜிக்கும் நடுவே ஓடியது ஆங்கிலம். அவர்கள் கடிதங்களை அப்படியே தமிழாக்கி வசனமாக வைத்தால் இரண்டு பேரும் கோர்ட்டில் வாதாடுவதுபோல இருக்கும்.

7. சட்டமும் அனுமதியும்

நான் வக்கீல் இல்லை. ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நீங்களும் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

பதிப்புரிமை எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். காந்தி 1948-இல் இறந்ததால் அவர் உயிரோடு இருந்தபோது வெளியானவை 2009-இலேயே பொதுச் சொத்தாகிவிட்டன. தேவதாஸ் 1957-இல் இறந்தார், அவருடையவை 2018-இல். ராஜாஜியின் எழுத்துகளுக்கு 2032 கடைசி வரை உரிமை இருக்கிறது. ஆகவே சிறை நாட்குறிப்பிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துப் போட முடியாது. அதில் உள்ள தகவலைப் பயன்படுத்தலாம், வாக்கியத்தைத்தான் எடுக்கக் கூடாது. எழுதியவர் இறந்தபிறகு முதல்முறை வெளியாகும் கடிதங்களுக்குக் கணக்கு வேறு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது: கடிதம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அதன் பதிப்புரிமை கிடையாது, எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும்தான். பழைய பெட்டியிலிருந்து யாராவது ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டி "போட்டுக்கோங்க" என்றால், அது போதாது.

வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்றை மட்டும் வைத்து எழுதாதீர்கள். நடந்த சம்பவம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் வரலாற்றாசிரியர் ஊகித்துச் சித்திரித்த ஒரு காட்சி அவருடைய எழுத்து. இரண்டாவது ஆதாரம் கிடைக்காத எதையும் நான் பயன்படுத்தவில்லை.

அவதூறு விஷயத்தில், இறந்தவரைப் பற்றி எழுதினால் வழக்கு வராது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, இறந்தவரின் பெயரைக் கெடுக்கும்படியும் குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடும் எழுதினால் அதுவும் அவதூறு ஆகலாம் என்கிறது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி இன்னும் கவனம் வேண்டும். பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம், அதைத் தாண்டினால் அந்தரங்க உரிமை குறுக்கே வரும் என்று 1994-இல் ஆட்டோ சங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்துவிடுங்கள். "இதில் வருவன யாவும் கற்பனையே" என்று முதல் பக்கத்தில் போட்டால் தப்பித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். உண்மைப் பெயரை வைத்து எழுதும்போது அந்த வரிக்குப் பலம் குறைவு. அதற்குப் பதில், எந்தெந்தக் காட்சி கற்பனை என்று நூலின் கடைசியில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். நான் 6 பக்கம் எழுதினேன்.

குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கச் சட்டம் எல்லா இடத்திலும் கட்டாயப்படுத்தவில்லை. இருந்தாலும் எழுதத் தொடங்கும் முன்பே மரியாதையாக ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். புத்தகம் வந்தபிறகு தெரிந்துகொள்வது யாருக்கும் பிடிக்காது. உங்கள் பாட்டியைப் பற்றி ஒருவர் அப்படி எழுதினால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

8. செலவும் காலமும்

எனக்கு ஆனதைச் சொல்கிறேன். டெல்லியில் 9 நாள், ரயில், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 23,000 ரூபாய். சேலம், திருச்செங்கோடு, வேதாரண்யம் பயணங்கள் 11,000. நகல் எடுக்க 6,400. பழைய புத்தகங்கள் 9,000. வக்கீல் படித்துப் பார்க்க 5,000. மெய்ப்புப் பார்க்க 12,000. மொத்தம் 66,400. வாசலில் கழிந்த அந்த 3 நாளும், தேதி பார்க்காமல் இரண்டாம் முறை போன திருச்செங்கோடு பயணமும் இல்லாமல் இருந்தால் பத்தாயிரம் மிச்சமாகியிருக்கும்.

காலத்துக்கு இப்படிப் போடுங்கள்: கதைக்களம் தேர்ந்தெடுக்க 1 மாதம், பேரேடு 5 மாதம், காப்பகமும் ஊர்ப் பயணமும் 4 மாதம், எழுத 9 மாதம், சரிபார்க்க 3 மாதம். வேலைக்குப் போய்க்கொண்டே செய்பவர்களுக்கான கணக்கு இது. எழுதும் ஒன்பது மாதத்தில் புதிதாக ஆராய்ச்சி செய்யாதீர்கள். சந்தேகம் வந்தால் சிவப்புக் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள், இல்லையென்றால் எழுதி முடிக்கவே மாட்டீர்கள்.

9. அச்சுக்கு

சென்னைப் புத்தகக் காட்சி டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ தொடங்குவதால், நவம்பரில் போய்ப் பதிப்பாளர் கதவைத் தட்டினால் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. ஏப்ரல், மே மாதத்தில் கைப்பிரதியைக் கொடுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். ராயல்டி பொதுவாக விலையில் 10 சதவீதம். மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளைத் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். "அனைத்து உரிமைகளும்" என்ற சொல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வரலாற்று நாவலுக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை கேளுங்கள்: உங்களைக் கேட்காமல் அட்டையில் "உண்மைக் கதை" என்று போடக் கூடாது.

சொந்தமாகப் போடுபவர்களுக்குப் புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பணம் கொடுத்தால் எண்ணை வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் இடைத்தரகரை நம்பாதீர்கள். பதிப்புரிமையைப் பதிவு செய்ய 500 ரூபாய். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் செய்துவிடுங்கள். அட்டைப் படத்துக்குப் பழைய புகைப்படம் போடுவதானால் யார் எடுத்தது, முதலில் எங்கே, எப்போது வெளியானது என்று பாருங்கள். புகைப்படத்துக்கு வெளியானதிலிருந்து 60 வருடம் என்ற கணக்கு 2012 திருத்தத்தோடு போயிற்று, இப்போது எடுத்தவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். வெளியான 30 நாளுக்குள் கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி பொது நூலகங்களுக்குப் பதிப்பாளர் பிரதி அனுப்பச் சட்டம் சொல்கிறது. நீங்களே பதிப்பாளர் என்றால் நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.

புத்தகம் வந்தபிறகு பேரேட்டைப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒன்பதாம் நாளே ஒரு அழைப்பு வந்தது, வேதாரண்யம் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர். அமாவாசை இருட்டைச் சரியாக எழுதியிருக்கிறேன் என்றார், ஆனால் உப்பளத்தில் அந்த மாதம் ராத்திரிக் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்பது தப்பு என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். காற்றுக்கு நான் கட்டமே போட்டிருக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன், இரண்டாம் பதிப்புக்கு.